வெண்கலமூர்த்திக்குப் போன மெயில்

"என் சர்வர்ல ஒரு குத்தமும் கிடையாது, டீச்சர். மச்சினன்தான் பொய் சொல்லுதான்."

செருப்பைக் கழற்றும் முன்பே ஆவுடையப்பன் இதைச் சொல்லிவிட்டார்.

டீச்சர் மங்குஸ்தான் உரித்துக்கொண்டிருந்தாள். குற்றாலத்தில் சீசன். வெளியே சாரல். மேசைமேல் பழத்தோல் குவிந்து கிடந்தது.

"இருங்க சார். முதல்ல ஒரு பழம் சாப்பிடுங்க."

"பழம் சாப்பிடுத நேரமா இது? கல்யாணத்துக்குப் பன்னெண்டு நாள்தான் இருக்கு."

டீச்சர் என்றதும் நரைத்த தலையைத் தேட வேண்டாம். சேர்மக்கனிக்கு வயது இருபத்தேழு. செங்கோட்டையில் ஒரு பரோட்டாக் கடையின் மாடி அறையில் உட்கார்ந்துகொண்டு, பதினோரு கம்பெனிகளின் மெயில் சர்வர்களைக் கட்டி மேய்த்துவந்தாள். சிஷ்யருக்குத்தான் அறுபத்திரண்டு. ஒரு அரசு அலுவலகத்தின் தபால் பிரிவில் முப்பத்து நாலு வருஷம் இருந்து, தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவர். அப்பனுக்கே பாடம் சொன்ன பிள்ளையைக் கோயில் கட்டிக் கும்பிடுகிற ஊர் இது. ஆகையால் இருவருக்குமே இதில் வெட்கம் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு, தென்காசியில் தன் வீட்டு பீரோமேல் ஒரு கம்ப்யூட்டரை ஏற்றிவைத்து, சொந்தமாக ஒரு மெயில் சர்வரை நிறுவிக்கொண்டார் ஆவுடையப்பன். தன் பெயரிலேயே முகவரி. தானே போஸ்ட் மாஸ்டர். எட்டு மாதமாக, காலையில் எழுந்ததும் அதைத் துணியால் துடைத்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார்.

வம்பு அந்தப் பெட்டியால்தான் வந்தது.

மகளுக்கு நிச்சயதார்த்தம். பந்தி நடந்துகொண்டிருந்தது. மைத்துனர் பேச்சிமுத்து, மாப்பிள்ளை வீட்டார் காதுபடச் சொன்னார்: "எங்க அத்தான் பீரோமேல ஒரு பொட்டிய வச்சிக் கும்பிட்டுக்கிட்டிருக்காவ. ஊரே ஓசியில மெயில் அனுப்புது. இவ்வோ கரண்டு பில்லு கட்டி அனுப்புதாவ."

பந்தியே சிரித்தது. ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது.

"எட்டாங்கிளாஸ் தாண்டாத பயலுக்கு எழுத்தப் பத்தி என்னல தெரியும்?" என்று கேட்டுவிட்டார்.

அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. தூத்துக்குடித் துறைமுகத்தில் நாற்பது பேரை வைத்து வேலை வாங்குகிற பேச்சிமுத்து, இலையில் பாயசம் விழுவதற்குள் எழுந்து கைகழுவிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

அவருடைய அக்கா, ஆவுடையப்பனின் மனைவி உலகம்மாள், போனில் கெஞ்சினாள். அவர் சொன்ன பதில் ஒன்றுதான்.

"அத்தான் முப்பத்து நாலு வருஷம் ஊருக்கெல்லாம் 'எழுத்துல குடு, எழுத்துல குடு'ன்னு சொன்னவ்வோ. எனக்கும் எழுத்துல வரட்டும். அந்தப் பொட்டியில இருந்தே வரட்டும். வந்தா மாலையோட வந்து நிக்கேன். வரலேன்னா வேற ஆளப் பாத்துக்கச் சொல்லு."

தாய்மாமன் மாலை போடாமல் பெண்ணை மணமேடைக்கு அழைத்துவருகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. வேறு ஆளும் கிடையாது. உலகம்மாளுக்கு உடன்பிறந்தவர் இவர் ஒருத்தர்தான்.

ஆவுடையப்பன் எழுதினார். ஒரு தடவைக்கு மூன்று தடவை எழுதினார். கிணற்றில் போட்ட கல்லாக இருந்தது. அக்கா கேட்டால், "ஒரு லெட்டரும் வரல" என்கிறார் பேச்சிமுத்து.

"இப்போ சொல்லுங்க டீச்சர். பொய் சொல்லுதது யாரு?"

"லெட்டர் சேர்ந்துச்சுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"லாக்ல, அதான் சர்வரோட பதிவேட்டுல, இருக்கே. மூணு தடவையும் அவன் கம்பெனி சர்வர் வாங்கிக்கிட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கு."

"கையெழுத்துப் போட்டது வாசல்ல நிக்க வாட்ச்மேன். உள்ள இருக்க ஆள் வாங்கினாரா?"

"உள்ள ஆள் வாங்கலேன்னா திருப்பி அனுப்பியிருப்பாவள்லா? திரும்பி வரல. திரும்பி வராத தபால் சேர்ந்த தபால். முப்பத்து நாலு வருஷ சர்வீஸ், டீச்சர்."

டீச்சரின் கை பாதிப் பழத்தோடு நின்றது.

"இந்த எட்டு மாசத்துல உங்களுக்கு எத்தனை மெயில் திரும்பி வந்திருக்கு சார்?"

ஆவுடையப்பன் நெஞ்சை நிமிர்த்தினார்.

"ஒண்ணுகூட இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணே ஒண்ணுகூட இல்ல."

"ஐயோ, பாவம்" என்றாள் டீச்சர்.

*

பாராட்டை எதிர்பார்த்து வந்த மனுஷருக்கு முகம் விழுந்துவிட்டது.

"பாவமா? என்ன டீச்சர் இது?"

"ஒரு வேலை செய்யுங்க. வீட்டுக்குப் போய் ஒரு பேரை யோசிங்க. உலகத்துலயே யாருக்கும் இல்லாத பேரா இருக்கட்டும். எங்கிட்டச் சொல்ல வேண்டாம். அந்தப் பேருக்கு, என் சர்வர் முகவரியைப் போட்டு ஒரு மெயில் அனுப்புங்க."

"அப்படி ஒருத்தன் உங்க சர்வர்ல இருக்க மாட்டானே."

"இருக்க மாட்டான்."

"இல்லாத ஆளுக்கு என்னத்த எழுத?"

"இருக்க ஆளுக்கு எழுதுத மாதிரிதான்."

"கோளாறு எங்கன்னு உங்களுக்குத் தெரிஞ்சிட்டு. அதச் சொல்லிர வேண்டியதுதானே?"

"நான் சொன்னா, எந்த ஆர்டர்ல இருக்குன்னு கேப்பீய."

கேட்பார்தான். பாஸ்வேர்டை மாற்றச் சொன்னதற்கே அரசாணை எண் கேட்டவர். வாயை மூடிக்கொண்டு படியிறங்கினார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து பெயர் யோசித்தார். யோசிக்கிற பெயருக்கெல்லாம் தென்காசியில் ஓர் ஆள் இருந்தான். சிலருக்கு இரண்டு ஆள் இருந்தார்கள். இலஞ்சி விலக்கு வரும்போது அவருக்கே சிரிப்பு வருகிற மாதிரி ஒரு பெயர் கிடைத்தது. வெண்கலமூர்த்தி. எந்தத் தாயும் தொட்டிலில் குனிந்து அந்தப் பெயரைச் சொல்லியிருக்க மாட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் எழுதினார்.

"பெருமதிப்பிற்குரிய திரு. வெண்கலமூர்த்தி அவர்களுக்கு, நலம். நலமறிய ஆவல்."

அனுப்பினார். லாக்கைப் பார்த்தார். எதிர்ப்புறம் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தது. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தார். தூங்கி எழுந்து பார்த்தார். மறுநாள் காலையில் பெட்டியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

திரும்பி வரவில்லை.

*

"அனுப்புனீயளா?"

"அனுப்பிட்டேன் டீச்சர்."

"திரும்பி வந்துச்சா?"

"வரல."

"அப்போ சேர்ந்துருச்சு."

ஆவுடையப்பன் தலையைச் சொறிந்தார்.

"என்ன எழுதியிருந்தீய?"

"நலமான்னு கேட்டிருந்தேன்."

"நல்லாத்தான் இருப்பாரு. பதில் போடுவாரு, பொறுமையா இருங்க."

ஆவுடையப்பனுக்குக் காது மடல் சூடேறியது. பரோட்டாக் கடைக்காரர் கீழேயிருந்து, "ஹெட் கிளார்க் சார், ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிட்டதும் காதில் விழாமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். முப்பத்து நாலு வருஷம் நம்பிய கணக்கு. திரும்பி வராத தபால் சேர்ந்த தபால். அந்தக் கணக்கை, பிறக்காத ஒருவன் வந்து கவிழ்த்துவிட்டுப் போய்விட்டான்.

இரண்டு நாள் சர்வரை விட்டு எழுந்திருக்கவில்லை.

பெயர்ப் பதிவைச் சோதித்தார். சரியாக இருந்தது. சர்வரின் எண்ணைச் சொல்லிப் பெயரைக் கேட்டால் சரியான பெயர் வருகிறதா என்று பார்த்தார். வந்தது. ஒவ்வொரு மெயிலிலும் விழுகிற முத்திரையைப் பூதக்கண்ணாடி வைக்காத குறையாகப் பார்த்தார். பழுதில்லை. சர்வரின் கடிகாரத்தை ஒரு நொடிகூடப் பிசகவிடவில்லை அவர். டிஸ்க்கில் இடம் தாராளமாக இருந்தது. யாருடைய கறுப்புப் பட்டியலிலும் அவர் பெயர் இல்லை.

எல்லாம் சரி. வெண்கலமூர்த்தி மட்டும் திரும்பி வரவில்லை.

உலகம்மாள் காப்பியோடு வந்து நின்றாள்.

"என்ன, பொட்டிக்குக் காய்ச்சலா?"

"பொட்டி நல்லாத்தான் இருக்கு."

"அப்போ யாருக்குக் கோளாறு? அவன் வரலேங்கான். நீங்க அனுப்பினேங்கீய. ரெண்டுல ஒருத்தர் பொய் சொல்லணும்லா?"

"நான் பொய் சொல்லல, உலகு."

"அவனும் சொல்ல மாட்டான். சின்னப் பிள்ளையிலகூடச் சொன்னதில்ல." அவள் குரல் இறங்கிவிட்டது. "எனக்கு ரெண்டு பேரும் வேணும். நான் யாரப் பொய்யனாக்க?"

ஆவுடையப்பன் பாதிக் காப்பியோடு தம்ளரை நீட்டினார். அவள் அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் தம்ளரை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கல்யாணப் பத்திரிகைக் கட்டு, பிரிக்காத கயிற்றோடு நாற்காலியில் இருந்தது. தாய்மாமனுக்கு முதல் பத்திரிகை வைக்காமல் அதைப் பிரிக்கக் கூடாது என்று அவள் சொல்லியிருந்தாள்.

இந்த லட்சணத்தில் மொட்டைக் கடுதாசி வேறு.

வீட்டு வாசல் பெட்டியில் மூன்று நாளாகக் காலையில் ஒரு கவர் கிடந்தது. தபால்தலை கிடையாது. மேலே "திரு. ஆவுடையப்பன் அவர்களுக்கு" என்று இருக்கும். அனுப்புநர் இடம் காலி. ஆவுடையப்பன் தபால் பிரிவுக்காரர். எந்தக் கடிதத்தையும் அடியிலிருந்துதான் பார்ப்பார். கவரைக் கிழித்து, மடிப்பைப் பிரித்து, கீழ்க்கோடியைப் பார்த்தார். கையெழுத்து இல்லை. அவ்வளவுதான். மேலே ஒரு எழுத்துகூடப் படிக்காமல் நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டார்.

மொட்டைக் கடுதாசிக்கு அவருடைய அலுவலகத்தில் அந்த ஒரு மரியாதைதான் இருந்தது. பெயர் போடத் துப்பில்லாதவன் பேச்சை எதற்குக் கேட்க வேண்டும்? எந்த மேலதிகாரி வந்தாலும் அவர் இதில் வளைந்து கொடுத்ததில்லை.

இரண்டாம் நாளும் வந்தது. கிழித்தார். மூன்றாம் நாளும் வந்தது. கிழித்தார்.

"என்னன்னுதான் படிச்சுப் பாருங்களேன்" என்றாள் உலகம்மாள்.

"படிச்சா மதிப்புக் கொடுத்த மாதிரி ஆயிரும்" என்றார்.

*

கல்யாணத்துக்கு எட்டு நாள்.

"தோத்துட்டேன், டீச்சர்."

இந்தத் தடவை செருப்பை ஒழுங்காகக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வந்து நின்றார். சட்டை சாரலில் நனைந்திருந்தது.

"ஒவ்வொரு ஆணியாப் புடுங்கிப் பாத்துட்டேன். எல்லாம் சரியா இருக்கு. கோளாறு மட்டும் இருக்கு. எங்கன்னு சொல்லிருங்க. அரசாணை கேக்க மாட்டேன். என் பொண்டாட்டி முகத்தப் பாக்க முடியல."

"சொல்லியாச்சே சார்."

"எப்போ?"

"மூணு நாளாச் சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன். வாயால சொன்னா நம்ப மாட்டீயன்னு, எழுத்துலயே சொன்னேன். தினமும் காலையில ஸ்கூட்டர்ல வந்து உங்க வாசல் பெட்டியில போட்டுட்டு வாறேன். சாரல்ல நனைஞ்சு எனக்கு ஜலதோஷமே பிடிச்சிட்டு."

"எனக்கு உங்க லெட்டர் ஒண்ணும் வரலியே."

"முந்தாநாள் வரல?"

"இல்ல."

"நேத்து?"

"இல்ல டீச்சர். ஏதோ ஒரு மொட்டைக் கடுதாசி வந்துக்கிட்டிருக்கு. அது தவிர ஒண்ணும் வரல."

"அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

"யாருக்குத் தெரியும்? கீழ பேர் இல்ல. கிழிச்சுப் போட்டுட்டேன். பேரில்லாம வர்ற எதையும் நான் முப்பத்து நாலு வருஷமா..."

வாக்கியம் முடியவில்லை.

கீழே கல்லில் கொத்துப் பரோட்டாவுக்குக் கரண்டி தட்டுகிற சத்தம் கேட்டது. டீச்சர் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"டீச்சர்."

"சொல்லுங்க."

"திரும்பி வர்ற மெயில்ல அனுப்புநர் இடத்துல யார் பேர் இருக்கும்?"

"யார் பேரும் இருக்காது."

"காலியாவா வரும்?"

"காலியாத்தான் வரும். உலகம் பூரா அதான் வழக்கம்."

ஆவுடையப்பன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

சர்வரை நிறுவிய முதல் நாள், மற்ற எதற்கும் முன்னால், சந்தனம் குங்குமம் வைத்துவிட்டு அவர் எழுதிய முதல் விதி அது. அனுப்புநர் பெயர் இல்லாமல் வரும் எதையும் வாசலிலேயே நிராகரி. யாரும் சொல்லிக்கொடுத்து எழுதியதில்லை. கை தானாக எழுதியது. தினமும் காலையில் லாக்கின் கடைசியில் அந்தக் கணக்கும் வரும். பெயரில்லாதவை, நிராகரிக்கப்பட்டவை: அறுபத்தொன்று. அதைப் பார்த்துவிட்டு அவர் காப்பி குடித்திருக்கிறார். ருசித்துக் குடித்திருக்கிறார்.

அதில் மூன்று, பேச்சிமுத்துவின் வாசலிலிருந்து வந்தவை. ஒன்று வெண்கலமூர்த்தியைப் பற்றிய தகவல்.

"ஏன் டீச்சர்? நல்ல சேதியோ கெட்ட சேதியோ, பேர் போட்டு வந்தா என்ன கொறஞ்சா போவும்?"

"பேர் போட்டு வந்து, அதுவும் சேரலேன்னா?"

ஆவுடையப்பன் யோசித்தார். சேரவில்லை என்ற சேதி சேராமல் போகும். அது சேரவில்லை என்று ஒரு சேதி கிளம்பும். அதுவும் சேராது. ஒரு வாசலில் இருந்து இன்னொரு வாசலுக்கு, போய்ட்டு வாரேன், போய்ட்டு வாரேன் என்று சொல்லிக்கொண்டே போகாமல் நிற்கிற இரண்டு விருந்தாளிகள் அவர் கண்முன் வந்தார்கள். யாருமே வீடு போய்ச் சேர மாட்டார்கள்.

வாய்விட்டுச் சிரித்துவிட்டார். நாலு நாளில் முதல் சிரிப்பு.

"அந்த லெட்டர்ல என்னதான் எழுதியிருந்தீய, டீச்சர்?"

"கிழிச்சாச்சுல்லா" என்றாள் டீச்சர். "பஸ் வருது பாருங்க."

தென்காசி பஸ் ஸ்டாண்டில் இறங்கி அவர் ஓடினார். அறுபத்திரண்டு வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சாரலில் ஓடினார். எதிரே வந்தவர்கள் எல்லாம் வீட்டில் யாருக்கோ முடியவில்லை என்று நினைத்து வழிவிட்டார்கள்.

*

அந்த ஒரு வரியை அழிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

சர்வரை நிறுத்தி, மறுபடி ஓடவிட்டார். முதலில் வெண்கலமூர்த்திக்கு எழுதினார். நலம். நலமறிய ஆவல்.

மூச்சுவிடுவதற்குள் ஒரு மெயில் வந்தது. அனுப்புநர் இடம் காலி. ஆவுடையப்பன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு மொட்டைக் கடுதாசியை மேலிருந்து படித்தார்.

"தாங்கள் குறிப்பிட்ட பெயரில் இங்கே எவரும் இல்லை."

"உலகு!" என்று கத்தினார். "ஏ உலகு! வெண்கலமூர்த்தி இல்லையாம்!"

அடுப்படியில் பாத்திரம் விழுந்தது. உலகம்மாள் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயையோ! எப்போ? நல்லா இருந்தவரா?"

"நல்லாவும் இல்ல, இருக்கவும் இல்ல!" என்று அவர் சிரிக்கிற சிரிப்பைப் பார்த்து, அவளுக்கு இன்னும் பயம் வந்துவிட்டது.

பேச்சிமுத்துவுக்கு எழுதியிருந்த கடிதத்தை எடுத்து, நாலாம் தடவையாக அனுப்பினார். இருவரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். லாக்கில் கையெழுத்து விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று என்று ஆவுடையப்பன் மனசுக்குள் எண்ணினார். பதினேழில் வந்தது. பெயரில்லாமல் வந்தது.

"பெறுநரின் பெட்டி நிரம்பிவிட்டது. தங்கள் கடிதத்தைச் சேர்க்க இயலவில்லை."

இவ்வளவு இனிப்பான ஒரு கடிதம் அவருக்கு வந்ததே இல்லை. பதவி உயர்வு ஆணைகூட இதற்குப் பக்கத்தில் நிற்காது.

"படி, உலகு, படி! உன் தம்பி பொய் சொல்லல! நானும் பொய் சொல்லல!"

அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு நாற்காலியில் இருந்த பத்திரிகைக் கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. வாய் சிரித்தது. எதை முதலில் துடைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. போனை எடுத்தாள்.

"ஏலே பேச்சி, உன் பொட்டி நிறைஞ்சு வழியுதாம்லே! அத்தான் லெட்டர் நாலு தடவை வாசல்வரைக்கும் வந்து திரும்பியிருக்குல!"

எதிர்ப்புறம் மௌஸ் தட்டுகிற சத்தம் கேட்டது.

"ஆபீஸ்ல கப்பல் கப்பலாப் படம் பிடிச்சு அனுப்புதானுவக்கா" என்றார் பேச்சிமுத்து. "நான் ஒண்ணையும் அழிக்கதில்ல. இப்போ அழிக்கேன். அஞ்சு நிமிஷம் கழிச்சு அனுப்பச் சொல்லு."

*

ஆவுடையப்பன் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அனுப்புகிற பொத்தான்மேல் விரலை வைத்தார்.

"என்ன எழுதியிருக்கீய?" என்றாள் உலகம்மாள். "நானும் கேக்கேன். வாசிங்க."

"முறைப்படி எழுதியிருக்கேன்."

கனைத்துக்கொண்டு வாசித்தார்.

"பொருள்: நிச்சயதார்த்த நிகழ்வில் தெரிவிக்கப்பட்ட கருத்து, வருத்தம் தெரிவித்தல் தொடர்பாக. பார்வை: தங்கள் சகோதரியின் தொலைபேசி உரையாடல். பார்வையில் கண்ட உரையாடலின்படி, மேற்படி நிகழ்வில் தெரிவிக்கப்பட்டதாகக் கூறப்படும் கருத்தினால் தங்களுக்கு மனவருத்தம் ஏதேனும் ஏற்பட்டிருப்பின், அதன்பொருட்டு வருத்தம் தெரிவிக்கலாகிறது. இத்துடன் இப்பொருள் முடிக்கப்படுகிறது."

வாசித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

உலகம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத யாரு எழுதினது?"

"யாரு எழுதினதா? நான்தான்."

"இதுல நீங்க எங்க இருக்கீய?"

ஆவுடையப்பன் கடிதத்தைக் குனிந்து பார்த்தார். வழக்கம்போல் அடியிலிருந்து பார்த்தார். அடியில் பெயர் இருந்தது. மேலே போனார். பந்தி இல்லை. பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனவன் இல்லை. சபையில் வைத்து அவனை அறுத்த வார்த்தை இல்லை. அதைச் சொன்ன வாயும் இல்லை. கடிதம் முழுக்கத் தேடியும் ஆவுடையப்பனைக் காணவில்லை.

அவருக்கு வேர்த்துவிட்டது.

இதை மூன்று தடவை அனுப்பியிருக்கிறார். மூன்றில் ஒன்று போய்ச் சேர்ந்திருந்தாலும் பேச்சிமுத்து மாலையைக் கடலில் போட்டிருப்பான். அதற்கப்புறம் அக்கா தம்பி என்ற உறவே இருந்திருக்காது.

"சேரலியே" என்று முணுமுணுத்தார். "ஒண்ணுகூடச் சேரலியே, உலகு!"

பீரோமேல் இருந்த பெட்டியை நிமிர்ந்து பார்த்து, கையெடுத்துக் கும்பிட்டார்.

கடிதத்தை அடியோடு அழித்தார். திரை வெள்ளையாக இருந்தது. அதன் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அலுவலகத்தில் ஒரு நாளைக்கு முப்பது கடிதம் வரைவு எழுதிய கை. உலகம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து பத்திரிகைக் கட்டின் கயிற்றைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் எழுதினார்.

"மாப்ள, அன்னைக்கு நான் பேசினது தப்பு. நாலு பேர் முன்னால உன்னைக் கேவலமாப் பேசிட்டேன். நீ பாதிச் சாப்பாட்டுல எந்திரிச்சுப் போனது எனக்கு இன்னும் நெஞ்சுலயே நிக்கி. மன்னிச்சிரு. நீ வந்துதான் பிள்ளைய மேடைக்குக் கூட்டிட்டு வரணும். அத்தான்."

அனுப்பினார்.

திரும்பி வரவில்லை. பதினேழு வரை எண்ணினார். நூறு வரை எண்ணினார். வரவில்லை.

"சேர்ந்துச்சா?" என்றாள் உலகம்மாள்.

"தெரியல" என்றார் ஆவுடையப்பன்.

அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அவள் கேட்டதே இல்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

போன் அடித்தது.

"அத்தான்."

"சொல்லு மாப்ள."

"லெட்டர் வந்துச்சு."

"ம்."

"படிச்சேன்."

துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதுகிற சத்தம் கேட்டது. பேச்சிமுத்து மூக்கை உறிஞ்சுவதும் அந்தச் சத்தத்தோடு சேர்ந்து கேட்டது.

"மாலைக்கு ரோஜாவா, சம்பங்கியான்னு பிள்ளகிட்டக் கேட்டுச் சொல்லுங்க. இங்க நல்ல பூ கிடைக்கும். நான் ரெண்டு நாள் முன்னாடியே வந்துருதேன்."

"வா மாப்ள. வா."

"அத்தான், இன்னொண்ணு."

"சொல்லு."

"முன்னாடியே மூணு லெட்டர் எழுதினீயளாம்லா? இதே மாதிரிதான் இருக்கும். அதையும் சேர்த்து அனுப்பிவிடுங்க. பத்திரமா வச்சுக்கிடுதேன்."

ஆவுடையப்பன் உலகம்மாளைப் பார்த்தார். உலகம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அதெல்லாம் சர்வர் கோளாறுல அழிஞ்சு போச்சு, மாப்ள" என்றார் ஆவுடையப்பன்.